மருந்துக்கடை அண்ணாச்சிமாருக்கு: அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி ஒரு மடல்

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும், கடையில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஆஸ்பத்திரி லேபில், கிருமி வளர்த்துப் பார்க்கிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, பார்மசிஸ்டும் இல்லை. ரத்தம், சிறுநீர், சளி, சீழ் என்று எது வந்தாலும் அதில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் சோலி. அந்த மேஜையில் உட்கார்ந்து கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதை விடுங்கள். அதிலும், அட்டையை நறுக்கி இரண்டு, மூன்று என்று எண்ணிக் கொடுப்பதை இன்றைக்கே விடுங்கள். "சட்டம் அப்படிச் சொல்லுது" என்று டிரக் இன்ஸ்பெக்டர் வந்து சொன்னால் தலையாட்டுவீர்கள். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் பழைய கதைதான். அதனால் சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பேசுவோம்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் உங்கள் கடையில் என்ன பேச்சு நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். "அண்ணாச்சி, நேத்து ராத்திரில இருந்து காய்ச்சலா கெடக்கு, ஒரு செட்டு போட்டுத் தாங்க." "பெரியாளுக்கா, பிள்ளைக்கா?" "எனக்குத்தான். நாளைக்கு சோலிக்குப் போணும்லா, கொஞ்சம் பவரா தாங்க." விசாரணை அத்தோடு முடிந்தது. கை தானாக டப்பாக்களுக்குப் போகிறது. காய்ச்சலுக்கு ஒரு பாரசிட்டமால், மேல்வலிக்கு ஒரு டைக்ளோஃபினாக், மூக்கொழுகலுக்கு ஒரு செட்ரிசின், பவருக்கு அசித்ரோமைசினோ செஃபிக்சிமோ ஒரு ஆன்டிபயாடிக், கூடவே பொடிசாக வெள்ளையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒன்று. கத்தரிக்கோல் நாலு தடவை கிரீச்சிடுகிறது. காகித உறையில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று கொடுத்தால் ஆள் நிம்மதியாகப் போகிறார்.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றுகிற ஒரு அக்கா, ஒரு நாள் தட்டை மடியில் வைக்காவிட்டால் அந்த நாள் கூலி போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக வர பஸ், அங்கே வரிசை, தனியார் டாக்டர் என்றால் ஃபீஸ், அதற்கு மேல் எழுதிக் கொடுக்கிற டெஸ்ட். உங்கள் கடை தெருவிலேயே இருக்கிறது, ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கிறது, காசு குறைந்தால் நாளைக்குக் கொடுக்கலாம். நம் ஊரில் பாதிப் பேருக்கு முதல் டாக்டர் நீங்கள்தான். அதனால்தான் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தச் செட்டைப் போட்டதும் காய்ச்சல் விடுகிறது. ஊரே உங்களிடம் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான். ஆனால் அந்தக் காய்ச்சலை விடவைத்தது யார்?

மழைக்காலத்தில் வருகிற காய்ச்சலில் பெரும்பங்கு வைரஸால் வருவது. வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்த சில மணி நேரத்திலேயே அந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விட்டு அக்கம்பக்கத்து செல்களை உஷார்ப்படுத்துகிறது. அவை வைரஸ் பெருகுவதற்கு வேண்டிய வேலைகளை நிறுத்தி வைக்கின்றன. அதே நேரம் வெள்ளை அணுக்கள் விடுகிற ரசாயனச் சேதி மூளைக்குப் போகிறது. மூளை உடம்பின் சூட்டை வேண்டுமென்றே இரண்டு டிகிரி ஏற்றி வைக்கிறது. அந்தச் சூட்டில் பல வைரஸ்கள் பெருகுவது மந்தமாகும், வெள்ளை அணுக்களின் நடமாட்டம் வேகமாகும். மேல்வலி, அசதி, சாப்பாடு பிடிக்காமல் போவது எல்லாமே பெரும்பாலும் நம் உடம்பு சண்டை போடுவதால் வருபவை. நாலைந்து நாளில் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் போதுமான எண்ணிக்கையில் பெருகி, வைரஸ் குடியேறிய செல்களைத் தேடித் தேடிக் கொல்ல ஆரம்பிக்கின்றன. பின்னாலேயே பி செல்கள் அந்த வைரஸுக்கென்றே செய்த எதிர்ப்புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. காய்ச்சல் இறங்குகிறது. அந்தச் செல்களில் கொஞ்சம் ஞாபகத்துக்காக வருஷக்கணக்கில் உடம்பிலேயே தங்கிவிடும்.

இப்போது நாள் கணக்கைப் பாருங்கள். ஆள் உங்களிடம் வருவது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ. செட்டு இரண்டு நாளைக்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட வேண்டிய நாள், விடுகிறது. பேர் மட்டும் அசித்ரோமைசினுக்குப் போகிறது. அடுத்த தடவை அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "அன்னைக்குத் தந்தீங்களே, அதே மாத்திரை" என்றுதான் கேட்பார்கள்.

அம்மை போட்டால் நம் ஊரில் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலை செருகி, ஆளைத் தனியாகப் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரை வீடே பொறுத்திருந்தது. ஆன்டிபயாடிக் தா என்று யாரும் கடைக்கு ஓடவில்லை. (பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அம்மை வந்தால் இன்றைக்கு டாக்டரைப் பார்ப்பதுதான் சரி, அதற்கு மருந்து இருக்கிறது, அது வேறு பேச்சு.) அம்மைக்கு அத்தனை நாள் பொறுத்த ஊருக்குச் சாதாரணக் காய்ச்சலுக்கு மூன்று நாள் பொறுக்க முடியாமல் போனது எப்படி என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கூலி ஒரு காரணம். உங்கள் செட்டு இன்னொரு காரணம் என்று தோன்றுகிறது.

வைரஸை ஆன்டிபயாடிக் ஏன் தொடாது? பெனிசிலின் வகையறா, செஃபிக்சிம் வகையறா எல்லாம் பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டுகிற சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன. அசித்ரோமைசின் பாக்டீரியாவின் புரதம் செய்யும் இடத்தைப் பிடிக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் எல்லாம் அதன் மரபணு இழையை முறுக்கிப் பிரிக்கும் நொதியைக் கெடுக்கின்றன. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்தமாகப் புரதம் செய்யும் இடமும் கிடையாது. எல்லாவற்றையும் நம் செல்லுக்குள் புகுந்து இரவல் வாங்குகிற ஜீவன் அது. இல்லாத சுவரை எந்த மாத்திரை இடிக்கும்?

"சரி, வேலை செய்யாட்டிப் போகுது, கெடுதல் இல்லையே" என்று நினைக்கலாம். என் மேஜைக்கு வருவது அந்தக் கெடுதல்தான்.

ஒரு கண்ணாடித் தட்டில் வைக்கோல் நிறத்தில் ஜெல்லி ஊற்றி வைத்திருப்போம். முல்லர்-ஹிண்டன் அகார் என்று பெயர். நோயாளியின் கிருமியை அதன் மேல் முழுக்கத் தடவி, ஆன்டிபயாடிக் ஊறிய பொட்டு மாதிரி வெள்ளைக் காகித வட்டங்களை இடைவெளி விட்டு வைப்போம். ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டு அளவில் இன்குபேட்டரில் இருக்கும். காலையில் திறந்தால், மருந்துக்கு அடங்குகிற கிருமி என்றால் பொட்டைச் சுற்றி ஒன்றும் வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுவோம். அடங்காத கிருமி என்றால் வட்டமே இருக்காது. பொட்டின் விளிம்பு வரை மங்கலான வெண்படலம் ஏறி நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிறுநீர்க் கிருமிக்குப் பொட்டுக்குப் பொட்டு வட்டம் விழும். ஓய்வு பெறுகிற சமயத்தில், சில தட்டுகளில் ஒரே ஒரு பொட்டைச் சுற்றித்தான் வட்டம். அதுவும் ஊசியாக, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஏற்றுகிற, விலை கூடிய மருந்து. அந்த ரிப்போர்ட் பெரும்பாலும் சர்க்கரை உள்ள, அறுபது தாண்டிய அம்மாமார் பெயரில் இருக்கும்.

இதற்கும் உங்கள் செட்டுக்கும் என்ன சம்பந்தம்? காய்ச்சலுக்கு விழுங்கிய ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாவிட்டாலும் குடலுக்குள் போகிறது. அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன, ஈ.கோலி உட்பட. மருந்துக்கு அடங்குகிறவை சாகின்றன. தற்செயலாக அடங்காத குணம் இருந்த சில தப்பிக்கின்றன. பிசான நெல் பருவத்துக்குப் பருவம் ஒரே பூச்சிமருந்தை அடித்த வயலில் பூச்சிக்கு மருந்து பிடிக்காமல் போவதை நம் சம்சாரிகள் பார்த்திருக்கிறார்கள், அதே கணக்குதான். ஆனால் பூச்சியைவிடக் கிருமிக்கு வேகம் அதிகம். தோதான சூழலில் ஈ.கோலி 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ஒன்று 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சம் ஆகிவிடும். அதோடு, அடங்காத குணத்துக்கான மரபணுத் துண்டைப் பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடும். அந்தக் குடல் கிருமி பிறகு சிறுநீர்ப் பாதைக்கு ஏறினால், சாதாரண மாத்திரைக்கு அடங்குவதில்லை. அந்த அம்மா பத்து வருஷமாகக் காய்ச்சலுக்கெல்லாம் வாங்கிப் போட்ட செட்டுகளை யாரும் கணக்கில் எழுதி வைத்திருப்பதில்லை.

2019-ல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாகச் செத்தவர்கள் உலகத்தில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருந்தே இல்லாத இடத்துச் சாவு இல்லை இது. மருந்து இருந்தும் அது பலிக்காமல் போன சாவு.

இந்த ஆபத்தை அன்றைக்கே சொன்னவர் பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கேதான். 1928-ல் கண்டுபிடித்தார், 1945-ல் நோபல் பரிசு வாங்கும்போது பேசிய உரையில், ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் கடையில் பெனிசிலின் வாங்கலாம் என்று ஆகும், அப்போது விவரம் தெரியாதவர் அளவு குறைத்துச் சாப்பிட்டுக் கிருமிக்குப் பழக்கிக் கொடுத்துவிடுவார் என்று எச்சரித்தார். தொண்டை வலிக்கு அரைகுறையாகச் சாப்பிட்ட ஒருவர், பழகிப்போன அந்தக் கிருமியைத் தன் மனைவிக்கு ஒட்டவைத்து, பெனிசிலின் பலிக்காமல் அந்த அம்மா இறந்துபோவதாகக் கற்பனையாக ஒரு கதையும் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அவர் கதையில் வந்த தொண்டைக் கிருமி இன்று வரை பெனிசிலினுக்கு அடங்கித்தான் இருக்கிறது. மற்றக் கிருமிகள்தான் அவர் சொன்னதை நிஜமாக்கின. ஆனால் "கடையில்" என்று அவர் சொன்ன இடம் மட்டும் துல்லியம்.

டைபாய்டு கதையைக் கேளுங்கள், நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. டைபாய்டுக்கு ஒரு காலத்தில் குளோராம்ஃபெனிக்கால்தான் கை கண்ட மருந்து. 1972-ல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு கிருமி தென்பட்டது. அப்புறம் ஆம்பிசிலின், கோ-ட்ரைமாக்சசோல் இரண்டும் போயின. சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது, கொஞ்ச காலம் அற்புதமாக வேலை செய்தது. உங்கள் கடைகளில் மிட்டாய் போல ஓடியது. அதுவும் நம் நாட்டில் மங்கிவிட்டது. இப்போது நம்பியிருப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும், செஃபிக்சிம், அசித்ரோமைசின் மாத்திரைகளையும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-லிருந்து பரவிய டைபாய்டில் செஃப்ட்ரியாக்சோனும் பலிக்கவில்லை. மாத்திரையில் மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். நீங்கள் மூக்கொழுகலுக்கு நறுக்கிக் கொடுக்கிற அதே அசித்ரோமைசின்.

நறுக்குவது என்றேன். லேப்காரன் என்கிற முறையில் எனக்கு அதில்தான் அதிக வருத்தம். ஒரு வாரமாகக் காய்ச்சல் விடாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவருக்கு ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்த்துப் பார்க்க, அனுப்புவார்கள். கிருமி எது என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று முடிவு செய்யலாம். நாங்கள் பாட்டிலை இன்குபேட்டரில் வைத்து நாள் கணக்கில் காத்திருப்போம். ஒன்றும் வளராது. "வளர்ச்சி இல்லை" என்று எழுதி அனுப்புவோம். கிருமி இல்லாததால் வளரவில்லை என்று அர்த்தமா? விசாரித்தால், "நடுவுல ரெண்டு நாள் கடையில வாங்கிப் போட்டோம்" என்பார்கள். நோயைக் குணமாக்க அந்த இரண்டு மாத்திரை போதாது. கிருமியைத் தட்டில் வளரவிடாமல் பண்ண அது தாராளம். கிருமி உடம்பில் இருக்கிறது, எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. டாக்டர் குத்துமதிப்பாக வலுவான ஊசியைத் தொடங்குகிறார், பில் ஏறுகிறது. என்ன மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளுக்குத் தெரியாது. மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை என்பார்கள். நீங்கள் நறுக்கியதில் பெயர் ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம் போய்விட்டது. ஆன்டிபயாடிக் அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருக்கிறார்களே, சீட்டு இல்லாமல் வாங்காதே என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக 2016-லிருந்து பிரசாரம் செய்த கோடு, அதுவும் உங்கள் கத்தரிக்கோலோடு போயிற்று.

"முழுக் கோர்ஸ் முடிக்கணும்" என்ற கோஷத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. இப்போது பல நோய்களுக்கு ஆராய்ந்து பார்த்து நாள் கணக்கைக் குறைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். நோய் எது என்று தெரிந்து டாக்டர் ஐந்து நாளாகக் குறைப்பது ஒன்று. கையில் நாற்பது ரூபாய்தான் இருக்கிறது என்பதற்காக இரண்டோடு நிறுத்துவது வேறொன்று.

ஆன்டிபயாடிக்கே விஷம் என்று யாராவது இதைப் படித்துவிட்டுக் கிளம்பவேண்டாம். சரியான நேரத்தில் சரியானது கிடைக்காவிட்டால் உயிரே போகிற காய்ச்சல்கள் நம் மண்ணிலேயே இருக்கின்றன. மேற்கு மலை அடிவாரத்தில், புதர்க்காட்டு ஓரத்தில் நடமாடுகிறவர்களுக்கு வரும் உண்ணிக்காய்ச்சல் அப்படிப்பட்டது. கண்ணுக்கே தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்த இடத்தில், பல பேருக்கு, சிகரெட்டால் சுட்டமாதிரி கருப்பாக ஒரு பொருக்கு உண்டாகும்; வலிக்காது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழோ இருந்தால் ஆளுக்கே தெரியாது, தேடிப் பார்க்கிற டாக்டருக்குத்தான் தெரியும். அதற்குச் சாதாரண விலையில் கிடைக்கும் டாக்சிசைக்ளின் அருமையாக வேலை செய்யும். செஃபிக்சிம் ஒன்றும் செய்யாது, அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. "பவர்" என்று நினைத்து விலை கூடியதைக் கொடுத்து நாலு நாளைக் கடத்தினால், அந்த நாலு நாளில் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகலாம். எலிக்காய்ச்சலும் அதே போலத்தான். நாற்று நடுகிற வயலில், வெள்ளம் வடிந்த தெருவில், காலில் இருக்கும் சிறு கீறல் வழியாக ஏறும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டமும் தண்ணீரில் கிடந்ததே, அந்த மாதிரிச் சமயத்துக்குப் பிறகு வருகிற காய்ச்சலையெல்லாம் கவுண்டரிலேயே தீர்த்துவிடலாம் என்று நினைப்பது ஆபத்து.

இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் கொடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது காசநோய். லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். அதனால் இருமல் குறையும், எடை குறைவது நின்ற மாதிரி இருக்கும், சளியில் கிருமி அகப்படாது. ஆள் சுகமாகிவிட்டதாக நினைத்துப் பழையபடி புகையிலைத் தூளுக்கு நடுவில் உட்கார்ந்து பீடி சுற்றுவார். நோய் தெரியவருவது மாதக்கணக்கில் தள்ளிப்போகும். அதுவரை வீட்டில் உள்ள குஞ்சு குளுவானுக்கெல்லாம் பரவும். போதாததற்கு, மற்ற மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு டாக்டர்கள் நம்பியிருக்கும் மருந்துகளில் லெவோஃப்ளாக்சசின் முக்கியமானது. அதைச் சாதாரண இருமலில் செலவழித்துவிட்டால் அப்புறம் எதை வைத்து வைத்தியம் பார்ப்பது? சளிப் பரிசோதனையும், 6 மாச மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். "அக்கா, இதுக்கு மாத்திரை என்கிட்ட இல்ல, சளி டெஸ்ட் எடுத்துருங்க" என்று நீங்கள் சொன்னால், நான் சொல்வதைவிட அந்த அக்கா நம்புவார்.

அந்தப் பொடி வெள்ளை மாத்திரை, டெக்சாமெத்தசோன், அதற்கும் டைக்ளோஃபினாக்குக்கும் செட்டில் இடமே கிடையாது. டெக்சாமெத்தசோன் உடம்பின் சண்டையை அடக்குவதால்தான் ஆளுக்கு உடனே தெம்பாக இருக்கிறது. கிருமிக்கு அது கொண்டாட்டம், சர்க்கரைக்காரருக்கு அளவு எகிறும். வந்தது டெங்கு என்றால் டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டலாம். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் கண்டம். அன்றைக்கு வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து விழுவது என்றால் ஓடவேண்டும். செட்டு போட்டவரோ "சூடு விட்டுட்டு" என்று சோலிக்குப் போய்விடுகிறார்.

இப்போது சட்டம். செஃபிக்சிம், செஃப்போடாக்சிம், லெவோஃப்ளாக்சசின், காசநோய் மருந்துகள் எல்லாம் மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணையில், சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில், இருப்பவை. 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. சீட்டு எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்பதைத் தனி நோட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்கவேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த நோட்டை வருஷக் கடைசியில் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற கலையும் சிலருக்குத் தெரியும். அசித்ரோமைசின் ஹெச்1-ல் இல்லை, ஹெச் அட்டவணையில்தான் இருக்கிறது. அதற்கும் சீட்டு வேண்டும்.

"நான் கொடுக்காட்டி அடுத்த கடையில வாங்கிருவான் அண்ணாச்சி" என்பீர்கள். நியாயமான பேச்சு. ஒருவர் மட்டும் நிறுத்தினால் நஷ்டம் அவருக்குத்தான். அதனால்தான் ஒரு கடைக்காரரிடம் தனியாகச் சொல்லாமல் எல்லாரையும் சேர்த்துக் கேட்கிறேன். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம். அங்கே 2024-ல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று பெயர் வைத்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் சோதனை நடத்தினார்கள். ஆன்டிபயாடிக்கை மற்ற மாத்திரையோடு சேர்க்காமல் நீல நிற உறையில் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அங்கேயும் மருந்துக்கடைக்காரர்கள் பிழைக்கத்தான் செய்கிறார்கள். அதிகாரி வந்து சோதிக்கும் முன்னால் நாமே செய்தால் மரியாதை.

"டாக்டரே சளிக்கு எழுதுதாரே" என்பதும் உண்மை. எழுதுகிறார்கள், தப்பு. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே விடால் என்ற ரத்த டெஸ்ட் ஒன்றைப் பண்ணி "டைபாய்டு பாசிட்டிவ்" என்று கையில் கொடுக்கிற லேப்களும் தப்பு. அந்த ஒரு டெஸ்டை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டமுடியாது என்பது தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். கோழிப்பண்ணைக்குப் போகிற ஆன்டிபயாடிக் இன்னொரு பெரிய கதை. இவர்களுக்கெல்லாம் தனித்தனியாக மடல் எழுதவேண்டியதுதான். ஆனால் டாக்டர் எழுதினால் சீட்டு என்று ஒன்று இருக்கிறது; மருந்தின் பெயர் இருக்கிறது, எத்தனை நாள் என்று இருக்கிறது, அடுத்த டாக்டர் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உங்கள் காகித உறையில் எதுவும் இல்லை.

ஆளை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. பாரசிட்டமால் கொடுங்கள், எடைக்கு ஏற்ற அளவைச் சொல்லிக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் நார்ஃப்ளாக்சசின்-டினிடசோல் அட்டைக்குப் போகிற கையை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குத் திருப்புங்கள், ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையும் சொல்லுங்கள், பாதிப் பேர் டம்ளரில் கரைத்துக் குடிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்றால் கூடவே துத்தநாக மாத்திரை. காய்ச்சல் எத்தனை நாள், மூச்சு வாங்குதா, வாந்தி நிற்குதா, ஒண்ணுக்குச் சரியாகப் போகிறதா, சர்க்கரை இருக்கா, வயிற்றில் பிள்ளை இருக்கா என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகும். மூன்று நாள் தாண்டியது, கைக்குழந்தை, கர்ப்பிணி, மூச்சுத் திணறல் என்றால் மாத்திரையே கொடுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ அனுப்புங்கள். ராத்திரி நேரம், என்ன செய்வது என்று தெரியவில்லை என்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104-க்குப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சீட்டோடு வந்து காசு குறைவாக இருக்கிறது என்பவருக்கு, அதே மருந்தில் விலை குறைந்த கம்பெனியை எடுத்து, எழுதியிருக்கிற நாளுக்கு முழுசாகக் கொடுங்கள். பாக்கியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மளிகைக்கடைக்காரர் எழுதுகிறார், நீங்கள் எழுதக்கூடாதா?

விற்பனை குறையும். அதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு குறையும் என்பது கடைக்குக் கடை மாறும், உங்கள் கல்லாதான் சொல்லவேண்டும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். டவுன், ஜங்ஷன், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் என்று எந்த ஊரில் கூட்டம் வைத்தாலும் வருகிறேன். வட்டம் விழுந்த தட்டு ஒன்றும், விழாத தட்டு ஒன்றும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பெரிசாக்கிக் காட்டலாம். பஸ் செலவு என்னுடையது. சாயங்காலம் கடையடைப்புக்கு அப்புறம் என்றாலும் சரி, நேரத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு லேப் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.